கணினிக்குக் குரல் வந்த கதை



கணினி என்றதும் இன்று பாட்டும் படமும் பேச்சும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனிநபர் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அது ஏறக்குறைய ஊமைதான். உள்ளே சின்னஞ்சிறு ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைக் கீச்சிடச் செய்யலாம்; பெரும்பாலும் அது நம்மை எச்சரிக்க 'பீப்' என்று கத்துவதற்கே பயன்பட்டது. அந்த ஊமைக்கு வாய் தந்த பலகையை ஒலி அட்டை என்கிறோம். உலகெங்கும் பெயர் பெற்ற ஒலி அட்டை ஒன்று ஜோகூர் பாலத்திற்கு அக்கரையில், சிங்கப்பூரில் பிறந்தது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

அதை உருவாக்கியவர் சிம் வோங் ஹூ. கம்பத்தில் வளர்ந்தவர், சிறுவயதில் முட்டை விற்றவர், மவுத் ஆர்கன் வாசிப்பதில் பெரும் விருப்பம் உடையவர். பாலிடெக்னிக் படிப்பை முடித்த பிறகு, 1981-இல் நண்பர் ஒருவருடன் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் சிறு கடை ஒன்றைத் திறந்தார். அதுவே கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம். 1986-இல் அவர்கள் செய்த முழுக் கணினி சந்தையில் எடுபடவில்லை. கணினியை விட்டுவிட்டு, கணினிக்குள் செருகும் இசைப் பலகையைச் செய்யத் தொடங்கினார்கள். 1989-இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' வெளிவந்தது. 1992-இல் அந்நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. அங்கே இடம் பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் அதுதான். சிம் 2023 ஜனவரியில் காலமானார்.

அந்த அட்டையில் இரண்டு வேலைகள் நடந்தன. இரண்டையும் வேறு பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது, தானே இசையை உண்டாக்குவது. நாதஸ்வர வித்துவான் ஒரு சுரத்தை மெல்ல அசைத்தால் நமக்குக் கமகம் கேட்கிறது. அந்த அசைவை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நிகழ்த்தினால் என்ன ஆகும்? காது அதை அசைவாக உணராது. புதியதொரு நாதமாகவே உணரும். மணி போலவும் குழல் போலவும் தந்தி போலவும் அதை மாற்றலாம். இந்த உண்மையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1967-இல் கண்டறிந்தவர் ஜான் சௌனிங். யமஹா நிறுவனம் அதற்கான உரிமையைப் பெற்று, சிறு சில்லுக்குள் அதை அடக்கியது. கனடா நாட்டின் ஆட்லிப் நிறுவனம் 1987-இல் அந்தச் சில்லை வைத்தே தன் அட்டையைச் செய்தது. அதை நிறுவியவரும் ஓர் இசைப் பேராசிரியரே. சவுண்ட் பிளாஸ்டரும் அதே சில்லைத் தாங்கி வந்ததால், ஆட்லிப்புக்காக எழுதிய இசையெல்லாம் இதிலும் ஒலித்தது. ஒரே நேரத்தில் ஒன்பது குரல்கள்!

இதிலே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்நாளைய கணினி விளையாட்டுகளில் வந்த இசை பெரும்பாலும் ஒலிப்பதிவு அன்று. சுரக் குறிப்பு மட்டுமே. வாசித்தது அட்டை. ஒரே தாளத்தை நம் தோட்டத்து உறுமியில் அடித்தால் ஒரு நாதம், தவிலில் அடித்தால் வேறு நாதம் அல்லவா? அதுபோல ஒரே விளையாட்டின் இசை, அட்டைக்கு அட்டை வேறுபட்டது. 1990-களில் அந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று நடுவயதினர். அவர்களில் சிலர் அந்தப் பழைய பலகைகளைத் தேடி வாங்கித் துடைத்துப் பாதுகாக்கிறார்கள். "இன்றைய ஒலி இதைவிடத் துல்லியமானது, பிறகு எதற்கு இந்தப் பைத்தியம்?" என்று கேட்பாரும் உண்டு. நாம் அப்படிக் கேட்கமாட்டோம். குறிப்பு கையில் இருக்கிறது, வாசித்த கருவியோ போய்விட்டது என்றால், அந்த இசை பாதிதான் மிஞ்சியிருக்கிறது. பழைய அட்டையைச் செருகும் இடமே இன்றைய கணினிகளில் இல்லை. ஆகவேதான் அட்டையைப் போலவே நடிக்கும் மென்பொருள்களை ஆர்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வேலை, வெளியிலிருந்து வரும் ஒலியைப் பிடித்து வைப்பது. ஒலி என்பது காற்றின் அலை. அதன் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதினால் அதுவே பதிவு. முதல் சவுண்ட் பிளாஸ்டர் நொடிக்கு ஏறத்தாழ 12,000 தடவை அளந்து பதிந்தது. ஒவ்வோர் அளவுக்கும் 256 படிகள். குறுந்தட்டிலோ நொடிக்கு 44,100 அளவுகள், 65,536 படிகள். அந்தப் பழைய கணக்கில்கூட ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் தேவை. 1.44 மெகாபைட் நெகிழ்வட்டு ஒன்றில் இரண்டு நிமிடப் பேச்சுதான் அடங்கும். விளையாட்டுகள் ஏன் சுரக் குறிப்பை நம்பின என்பது இப்போது விளங்கும்.

தமிழைக் கணினியில் எழுத, எழுத்துருவும் விசைப்பலகையும் யாராவது செய்து தரவேண்டியிருந்தது. தமிழைப் பேசிப் பதிய எதுவும் தேவைப்படவில்லை. எண்ணுக்கு மொழி ஏது? தாலாட்டானாலும் ஒப்பாரியானாலும் அட்டை ஒன்றுபோலவே வாங்கிக்கொண்டது.

இன்று பெரும்பாலான கணினிகளில் ஒலி அட்டை தனியாக இல்லாமல் தாய்ப் பலகையிலேயே அடங்கிவிட்டது. ஆனால் அந்த இரண்டாவது வேலை நம் வீடுகளுக்கு இன்னும் பயன்படும். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில், தாத்தா பாடிய கும்மியும் பாட்டி சொன்ன கதையும் பதிந்த ஒலிநாடாக்கள் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. நம் நாட்டு ஈரக் காற்றில் அவற்றில் பூஞ்சணம் பிடிக்கும். மேசைக் கணினியின் பின்புறத்தில் வெளிர்நீலத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒலிநாடாக் கருவியின் காதணித் துளையிலிருந்து ஒரு கம்பியை அதில் செருகலாம். மடிக்கணினியில் பெரும்பாலும் அத்துளை இராது; யு.எஸ்.பி. வழியாகச் செருகும் சிறு கருவி வேண்டும். கருவியின் தலைப்பகுதியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முதலில் துடையுங்கள். பாடாத நாடா ஒன்றைப் போட்டுக் கருவி நாடாவைக் கடிக்கிறதா என்று சோதியுங்கள். பூஞ்சணம் கண்ட நாடாவை மட்டும் ஓட்டிப் பார்க்கவேண்டாம். அது கருவியையும் கெடுத்து, அடுத்த நாடாவுக்கும் தொற்றும். அதைத் தனியே உறையிலிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.