ரெண்டு காதும் டேலி ஆகணும்!

லால்குடிக்காரனுக்கு நீச்சல் சொல்லித் தரணுமா என்ன? அய்யன் வாய்க்காலில் மதகு மேலேயிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்தவன் நான். அந்தத் திமிரில்தான் போன வருஷம் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்குக்குப் பணம் கட்டினேன். முதல் நாள் ராத்திரியே மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

"சளி, ஜலதோஷம் ஏதாவது இருக்கா சார்?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"சேச்சே!" என்றேன். கட்டின பணம் திரும்பாதே... பி.காம். புத்தி!

கயிற்றைப் பிடித்து இறங்கினோம். ஐந்தாறு மீட்டர் இருக்கும். ஒரு காது 'படக்'கென்று திறந்தது. இன்னொன்று அடைத்தது அடைத்தபடியே. அவ்வளவுதான்! கடல், கயிறு, பயிற்சியாளர் எல்லாம் ராட்டினமாய்ச் சுற்றின. மேல் எது, கீழ் எது... தெரியவில்லை. விழுந்தடித்து மேலே போகக் கால் உதைத்தேன். அந்தத் தம்பி என் கையைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தி, 'அசையாதீங்க' என்று ஜாடை காட்டினார். ஒரு நிமிஷத்தில் சுழற்சி நின்றது. அப்புறம் மெதுவாக மேலே.

திருச்சி தில்லைநகரில் காது டாக்டரிடம் போனேன். முதலில் திட்டு, பிறகுதான் விளக்கம்.

செவிப்பறைக்குப் பின்னால் சின்னதாக ஒரு காற்றறை. அதிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, காற்று பாதியாய்ச் சுருங்கும். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதினால் குழாய் வழியே காற்று போய்ச் சமன் செய்யும். சளியில் குழாய் வீங்கியிருந்தால் ஒரு பக்கம் திறக்கும், மறுபக்கம் திறக்காது. உடம்பை நிலையாக வைக்கும் உறுப்பு பக்கத்திலேயே உள்காதில் இருப்பதால், மூளைக்கு இரண்டு காதும் இரண்டு கணக்கு எழுதும்.

"டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலேன்னா உங்களுக்குத் தலை சுத்தும்ல? அதேதான்!" என்றார். மேலே வரும்போதுதான் இது அதிகமாம். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு குதிக்கிறவர்கள், பாதியில் மருந்து தீர்ந்தால் மாட்டிக்கொள்வார்கள்.

குளிர்ந்த நீர் ஒரு காதில் மட்டும் புகுந்தாலும் சுற்றும். காதைக் கழுவும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்து, வியன்னா டாக்டர் ராபர்ட் பாரனி இதை ஆராய்ந்தார். 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு. ஒரு காதில் குரும்பி அடைத்திருந்தாலே கடலில் இந்தப் பரிசோதனை இலவசம்!

30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் சாராயம் மாதிரி மயக்கும். அது தனிக் கதை. என்னை உறுத்தியது வேறு. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் பலர், படகிலிருக்கும் கம்ப்ரஸரிலிருந்து குழாயில் வரும் காற்றை நம்பித்தான் மூழ்குகிறார்கள். இன்ஜின் புகை அதில் கலந்தால் கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, தலைசுற்றல்தான் எச்சரிக்கை. ஜலதோஷம் என்று ஒருநாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு. எனக்குப் போனது டிக்கெட் பணம்!

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கரையேறிச் சில மணி நேரம் கழித்துத் தலை சுற்றி, வாந்தி வந்து, காது இரைந்தால் 'பித்தம்' என்று எலுமிச்சம்பழம் பிழியாதீர்கள். உள்காதில் காற்றுக் குமிழியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி, ஆக்ஸிஜன், அழுத்த அறை.

இந்த மாசியில் மறுபடி பணம் கட்டினேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மூன்று தும்மல். போன் போட்டு, "வரலை தம்பி" என்றேன்.

பணம் திரும்பவில்லை.