கம்ப்யூட்டர் சட்டத்துக்கும் பெயர் வேண்டும்!

வங்கியில் பணம் போடுகிறோம். ரெயிலுக்கு டிக்கெட் எடுக்கிறோம். இந்தக் கணக்குகளைக் கம்ப்யூட்டர் அட்டவணைகளாக எழுதி வைத்துக்கொள்கிறது.

இந்த அட்டவணை முறையை வகுத்தவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர். அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தார். 1970-ம் ஆண்டில் தமது முறையை வெளியிட்டார். அதே கம்பெனியைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் 1974-ல் அட்டவணைகளைக் கையாள ஒரு மொழியை வெளியிட்டனர். அதுதான் இன்றைய "எஸ்.கியூ.எல்."

வாசலில் காவல்

அட்டவணையில் கண்டபடி எழுத முடியாது. அதற்குச் சட்டம் உண்டு.

"ஒரே கணக்கு எண்ணை இருவருக்குக் கொடுக்கக் கூடாது."

"இருப்புத் தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது."

இத்தகைய சட்டத்துக்குக் "கட்டுப்பாடு" என்று பெயர். தப்பான கணக்கு வந்தால் அது தடுத்து நிறுத்தும். எந்தக் கட்டுப்பாடு தடுத்தது என்று பெயரையும் கம்ப்யூட்டர் சொல்லும்.

பெயர் வைக்காவிட்டால்?

அட்டவணை அமைப்பவர் பெயர் வைக்காவிட்டால், கம்ப்யூட்டரே ஒரு பெயர் வைத்துவிடும். அது என்ன பெயர் தெரியுமா? "ஆரக்கிள்" கம்ப்யூட்டர் கணக்கில் "சிஸ்-சி 0011234" என்பதுபோல் இருக்கும்! "இந்தச் சட்டம் மீறப்பட்டது" என்று செய்தி வந்தால் யாருக்குப் புரியும்? "கணக்கு-இருப்பு-சோதனை" என்று பெயர் இருந்தால், படித்த உடனே விஷயம் விளங்கிவிடும்.

கையை விரித்தது!

இதைவிடப் பெரிய தொல்லையும் உண்டு. ஒரு வங்கி, இருப்புக்கு மேலும் பணம் எடுக்க அனுமதிக்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய இருப்புச் சட்டத்தை நீக்க வேண்டும். பெயரைச் சொல்லித்தான் நீக்க முடியும்.

முதலில் ஒத்திகைக் கம்ப்யூட்டரில் நீக்கிப் பார்க்கிறார்கள். வெற்றி! அதே கட்டளையை உண்மைக் கணக்கில் கொடுக்கிறார்கள். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று கம்ப்யூட்டர் கையை விரிக்கிறது!

காரணம் என்ன? ஆரக்கிளிலும், மைக்ரோசாப்டின் "எஸ்.கியூ.எல். சர்வர்" முறையிலும், ஒரே அட்டவணையை இரண்டு இடங்களில் தனித்தனியே அமைத்தால், கம்ப்யூட்டர் வைக்கும் பெயர் இடத்துக்கு இடம் மாறும். பழைய சட்டம் நீங்காததால், பணம் எடுக்க வந்தவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

ஒரு வரி போதும்

இதைத் தடுப்பது எளிது. சட்டத்தை எழுதும்போதே "கன்ஸ்ட்ரெயின்ட்" என்ற சொல்லைப் போட்டு, அருகில் பெயரை எழுதினால் போதும். அட்டவணையின் பெயர், கட்டத்தின் பெயர், சட்டத்தின் வகை ஆகிய மூன்றும் அதில் இருப்பது நல்லது. பிறகு எந்த ஊர்க் கம்ப்யூட்டரிலும் அதே பெயர்தான்!