ஒரு மில்லிமீற்றர் ஆட்டம்

ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்குப் போயிருந்தால் அந்த உறுமலைக் கேட்டிருப்பீர்கள். மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பக்கத்து வளைவுப் பாதையில் கார்கள் ஒவ்வொன்றாகச் சீறி ஏறும். 1934இல் தொடங்கிய இந்த மலையேற்றப் போட்டி, இலங்கையின் மிகப் பழைய மோட்டார் பந்தயங்களில் ஒன்று. பக்கத்தில் எவரும் போட்டிக்கு ஓடுவதில்லை, எதிரி கடிகாரம்தான். கியர் மாற்றும் கை ஒரு வளைவில் தடுமாறினால், இழந்த நொடியை அடுத்த வளைவில் மீட்பது கடினம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்தத் தடுமாற்றம் பல வேளைகளில் சாரதியின் கையில் பிறப்பதில்லை. கியர் லீவர் விழப்போகிற பால்பல்போல ஆடிக்கொண்டிருக்கும். மூன்றாவது கியர் எங்கே, ஐந்தாவது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கியர் பாக்ஸே போய்விட்டது என்று பயந்து, செலவுக் கணக்குப் போடத் தொடங்குவோம். குற்றவாளி அநேகமாக விரல்நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு.

1989இல் வெளிவந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். அதன் லீவர் கியர் பாக்ஸின் வால்பகுதிக்கு மேலேயே நிற்கிறது. நடுவில் ஓர் உருண்டை. அது தோள்மூட்டு எலும்பைப்போல ஒரு கிண்ணத்துக்குள் சுழலும். உருண்டைக்குக் கீழே நீளும் குட்டைக் கால்தான் உள்ளேயிருக்கும் தண்டைத் தள்ளி கியரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தக் காலின் நுனியில் ஒரு நைலோன் தொப்பி. கராஜில் அதை ‘புஷ்’ என்பார்கள்.

தோட்டத்தில் கல் புரட்டும் அலவாங்கின் கணக்குதான் இங்கேயும். உருண்டைக்கு மேலே 25 சென்ரிமீற்றர், கீழே 5 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், கையின் பலம் கீழே ஐந்து மடங்காகிறது. அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். புஷ் 1 மில்லிமீற்றர் தேய்ந்தால், மேலே குமிழில் ஆட்டம் 5 மில்லிமீற்றர். கீழே கண்ணுக்கே தெரியாத தேய்மானம், மேலே உள்ளங்கைக்குப் பெருங்குறையாகத் தெரிகிறது.

உருக்கு லீவருக்கு ஏன் நைலோன் தொப்பி? உருக்கோடு உருக்கு நேராக உரசினால் இரண்டும் தேயும், கடகடக்கும். 1935இல் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கிய நைலோன், முதலில் பல்துலக்கியின் தூரிகையாகவும் பெண்களின் காலுறையாகவும் வீட்டுக்குள் வந்தது. வழுக்கும் தன்மையும் அதிர்வைத் தாங்கும் மென்மையும் அதை இயந்திரங்களுக்குள்ளும் கொண்டுசேர்த்தன. விலையுயர்ந்த தண்டு தேயாமலிருக்க, விலைமலிந்த புஷ் தேய வேண்டும். தேய்வதே அதன் வேலை. கியர் பாக்ஸின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து, கடைசியில் அது வெடித்தும் போகும்.

பழுதுபார்க்குமுன் ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்தி, சில்லுக்குக் கட்டை கொடுத்து, கியரைப் போட்டு லீவரை அசைத்துப் பாருங்கள். நியூட்ரலில் ஓரளவு அசைவது இயல்பு. கியரில் இருக்கும்போதும் தாராளமாக ஆடினால் புஷ்ஷைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது கியர் தானாகக் கழன்று விழுந்தால், கோளாறு இன்னும் ஆழத்தில் இருக்கக்கூடும். அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

புஷ்தான் என்றால் வேலை சிறியது. குமிழைக் கழற்றி, நடுப்பெட்டியை எடுத்து, இறப்பர் உறைகளை நீக்கினால் லீவரைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகள் தெரியும். லீவரை மேலே தூக்கி, பழைய புஷ்ஷின் துணுக்குகள் உள்ளே விழாமல் பொறுக்கி, புதியதை மாட்ட வேண்டும். லீவர் நிற்கும் கிண்ணத்தில் எண்ணெய் வற்றியிருந்தால் அதையும் ஊற்ற வேண்டும். கீழுறை கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். சூடும் இரைச்சலும் அந்தக் கிழிசல் வழியாகத்தான் காருக்குள் வருகின்றன.

பந்தயத்தில் நொடிகளுக்காக ஏறுகிறார்கள். மற்ற நாட்களில் மலைநாட்டார் உயிரோடு இறங்க வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். றம்பொடை வழியாகக் கம்பளைக்கு வருவதற்குள் 1,000 மீற்றருக்கும் மேல் இறங்கிவிடுகிறோம். ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் 1,000 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, நுவரெலியாக் குளிர்நீர் ஏறத்தாழ 30 லீற்றரைத் தேநீருக்குக் கொதிக்கவைக்கப் போதும். காற்றும் சில்லுகளின் உராய்வும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால், அது பழுக்கக் காய்ந்து பிடியை இழக்கும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்கிறார்கள் பழைய சாரதிகள். தாழ்ந்த கியரில் சில்லுகள்தாம் எஞ்சினைச் சுழற்றுகின்றன. மூடிய மூச்சுக்குழாயோடு திணறும் எஞ்சின் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது.

மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும் அந்த இடைவெளியில் கியர் எதிலும் இல்லை. வண்டி சரிவின் கையில் இருக்கிறது. கை இடத்தைத் தேடித் துழாவும் வரை அந்த இடைவெளி நீளும். வளைவுக்கு வளைவு அதை எவ்வளவு குறுக்குவது என்பதை, கீழே எண்ணெய்க்குள் கிடக்கும் அந்த நைலோன் தொப்பி தீர்மானிக்கிறது.