மிதிவண்டி விளக்கு: ஒளி விழும் இடம்

இரவில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு விளக்கு இரண்டு காரணங்களுக்காகத் தேவைப்படுகிறது: வழியைத் தாம் காண்பதற்கு; தம்மைப் பிறர் காண்பதற்கு. தெருவிளக்கு எரியும் நகரச் சாலையில் இரண்டாவது தேவையே பெரிது என்பதால் சிறிய விளக்கே அங்குப் போதும். தெருவிளக்கு இல்லாத ஊர்ச்சாலையில் செல்பவருக்கோ குழியையும் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையையும் முன்கூட்டியே காட்டும் விளக்கு வேண்டும். எவ்வளவு முன்கூட்டி என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. தடையைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை நொடி கழிந்துவிடும் எனக் கொண்டால், வண்டி முற்றிலும் நிற்பதற்கு ஏறத்தாழ 13 மீட்டர் தேவைப்படும். வேகம் 30 ஆனால் இது 20 மீட்டரைத் தாண்டிவிடும்.

விளக்கு வாங்கச் செல்பவரின் கண்ணில் முதலில் படுவது பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட லுமன் அளவே. லுமன் என்பது விளக்கு எல்லாத் திசைகளிலும் உமிழும் ஒளியின் மொத்த அளவு. அதில் எத்தனை பங்கு சாலையில் விழுகிறது, எத்தனை பங்கு மரக்கிளைகளிலும் எதிரே வருபவரின் முகத்திலும் வீணாகிறது என்பதை அந்த எண் தெரிவிப்பதில்லை. ஒரு பரப்பின்மேல் வந்து விழும் ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லுமன் ஒளி பரவி விழுந்தால் அது ஒரு லக்ஸ். தொலைவு இரு மடங்கானால் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், 10 மீட்டரில் 40 லக்ஸ் தரும் விளக்கு 20 மீட்டரில் 10 லக்ஸ்தான் தரும். ஆகவே பெட்டியில் தேடிப் பார்க்க வேண்டியது லக்ஸ் அளவையே.

இக்கருத்தைச் சட்டமாகவே ஆக்கிய நாடு ஜெர்மனி. அங்கு முன்விளக்கு 10 மீட்டர் தொலைவில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும். எதிரே வருபவரின் கண் கூசக்கூடாது. மினுக்கி மினுக்கி எரியவும் கூடாது. இதற்காக அமைந்த விளக்குகளில் ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் முடிந்துவிடுகிறது. உள்ளிருக்கும் வளைந்த ஆடி, தொலைவுக்குச் செல்லும் மேல்விளிம்புக்கு மிகுதியான ஒளியையும், சக்கரத்தின் அருகே விழும் கீழ்ப்பகுதிக்குக் குறைவான ஒளியையும் பங்கிடுவதால், சாலை நெடுகிலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவுகிறது. டார்ச்சைப் போல் வட்டக் கற்றை வீசும் விளக்கில் அருகிலுள்ள தரை அளவுக்கு மீறி ஒளிர, கண் அந்த ஒளிக்கே பழகிவிட்டு, அப்பாலுள்ள இருளில் எதையும் காண முடியாமல் போகிறது. கூசிய கண் இருளுக்கு மீண்டும் முழுமையாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகலாம் என்பதை எண்ணிப் பார்த்தால், மலைக்காட்டுத் தடங்களுக்கென விற்கப்படும் ஆயிரம் லுமன் வட்டக்கற்றை விளக்கைக் குறுகிய சாலையில் முழு ஒளியில் எரிப்பது எதிரே வருபவருக்கு இழைக்கும் தீங்கு என்றே கூற வேண்டும்.

விளக்கைப் பொருத்தும் இடமும் கருத்தில் கொள்ளத்தக்கது. தலைக்கவசத்தில் பொருத்தும் விளக்கு கண்ணின் உயரத்திலிருந்தே ஒளியை வீசுவதால், குழியின் நிழல் குழிக்குள்ளேயே மறைந்து தரை முழுவதும் சமதளம்போல் தோன்றும். கண்ணுக்குக் கீழே, கைப்பிடியிலோ அதற்கும் தாழ்வாகவோ பொருத்திய விளக்கில் சிறு மேடுபள்ளமும் நீண்ட கருநிழலோடு தெரியும். வட்டக்கற்றை விளக்கைச் சாய்க்க எளிய வழி, 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் கற்றையின் நடுப்பகுதி விளக்கின் உயரத்தில் பாதியளவில் விழுமாறு அமைப்பது; அப்போது அது 10 மீட்டரில் தரையைத் தொடும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் பழக்கத்திலிருந்த குப்பி வடிவ டைனமோவில், டயரின் பக்கவாட்டில் உரசும் சிறு உருளை ஒரு காந்தத்தைச் சுழற்ற, அதைச் சூழ்ந்துள்ள கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் எழுகிறது. வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட், அதில் 2.4 வாட் முன்விளக்குக்கும் 0.6 வாட் பின்விளக்குக்கும் செல்லும். வேகம் கூடக்கூட மின்னோட்டம் திசைமாறும் விரைவும் கூடி, அதற்குச் சுருள் காட்டும் தடையும் உயர்வதால், மின்னோட்டம் ஏறத்தாழ அரை ஆம்பியரிலேயே நின்றுவிடும். இந்தத் தற்கட்டுப்பாடு வியக்கத்தக்கது. ஆயினும் பழைய இழை பல்புகளில் ஒன்று போய்விட்டால், இரண்டுக்கும் உரிய மின்னோட்டம் மற்றொன்றில் பாய்ந்து அதையும் விரைவில் எரித்துவிடும். மழையில் உருளை வழுக்குவதும், மிதிப்பதற்குக் கூடுதல் வலு தேவைப்படுவதும் வேறு குறைகள். சக்கரத்தின் அச்சுக்குடத்திலேயே அமைந்த டைனமோவில் உரசும் உருளை இல்லாததால் வழுக்கல் இல்லை, இழுவையும் குறைவு. ஆனால் விலை மிகுதி என்பதோடு, முன்சக்கரத்தையே புதிதாகக் கோக்க வேண்டியிருக்கும்.

நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சளாய் ஒளிரும் பூச்சிட்டு உருவாக்கிய வெள்ளை எல்.இ.டி. விளக்கு, வாட்டுக்கு 100 லுமனுக்கு மேல் தரவல்லது என்பதால், அதே 3 வாட் டைனமோவும் இன்று இருண்ட சாலைக்குப் போதுமானதாகிறது. நாள்தோறும் நெடுந்தொலைவு செல்பவருக்கு அச்சு டைனமோவும், எப்போதாவது இரவில் செல்பவருக்குச் சார்ஜ் செய்யும் பேட்டரி விளக்கும் ஏற்றவை. பேட்டரி விளக்கை வாங்கும்போது, அது எத்தனை மணி நேரம் எரியும் என்று குறிப்பிட்டிருப்பது முழு ஒளியிலா, மிகக் குறைந்த ஒளியிலா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள ஒற்றை லித்தியம் கலத்தில் 10 வாட்மணி அளவு ஆற்றலே அடங்குமாதலால், 5 வாட் விளக்கு அதில் இரண்டு மணி நேரமே எரியும்.

பின்விளக்கு சிவப்பாகவும், பின்னால் கட்டிய பையோ தொங்கும் மழைக்கோட்டோ மறைக்காத இடத்திலும் இருக்க வேண்டும். இடைவிடாது எரியும் விளக்கைக் கொண்டு தொலைவைக் கணிப்பது மினுக்கும் விளக்கைக் கொண்டு கணிப்பதைவிட எளிது. பின்விளக்கு அணைந்துபோனாலும் ஓட்டுபவருக்கு அது தெரியாது. ஆகையால் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் எதிரொளிப்பான் ஒன்று மட்கார்டில் கட்டாயம் இருக்க வேண்டும். மிதிக்கட்டைகளில் பதித்த மஞ்சள் எதிரொளிப்பான்கள் மேலும் கீழுமாக இயங்குவதால், முன்னே செல்வது மிதிவண்டி என்பதைப் பின்னால் வரும் ஓட்டுநர் உடனே அறிந்துகொள்கிறார்.