டயருக்கு எத்தனை நிமிடம்?

செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் டிராக் டே என்றால் தவறாமல் போய்விடும் கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆட்டோகிராஸிலும் கலந்துகொள்வேன். இரண்டுக்கும் ஒரே டயர், அதிலேயே வீட்டுக்கும் வர வேண்டும். 200 என்று போட்டிருக்கும் டயரைக் காட்டி, 'சும்மா ரோட்டை ஒட்டிக்கிட்டு நிக்கும் சார்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?"

அந்த 200 கிரிப்பை அளந்து போட்ட எண் இல்லை. அமெரிக்க அரசின் தர முறைப்படி, டெக்சாஸின் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றியுள்ள பொதுச்சாலைகளில் 400 மைல் சுற்று ஒன்று உண்டு. அதில் கார்களை வரிசைகட்டி மொத்தம் 7,200 மைல் ஓட்டி, டயர் எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்கிறார்கள். ஒப்பீட்டு டயரின் தேய்மானம் 100 என்றால், அதைப்போல இருமடங்கு தாங்கக்கூடியது 200. முடிவான எண்ணை டயரில் பொறிப்பது அரசு அல்ல, தயாரிக்கும் கம்பெனி. இந்த நிலையில் அமெரிக்காவின் கார்ப் பந்தயச் சங்கமான எஸ்.சி.சி.ஏ., ஆட்டோகிராஸின் ஸ்ட்ரீட் பிரிவில் 200-க்குக் குறைந்த டயர் கூடாது என்று விதி வைத்தது. வேகமான டயர் செய்யும் கம்பெனிகள் எல்லாம் சரியாக 200 என்று பொறித்து இறக்க ஆரம்பித்தன. தேய்மானக் கணக்கு இப்படித்தான் கிரிப் பட்டமாயிற்று.

பக்கத்திலேயே 'ஏஏ' என்று இன்னொரு பெருமை இருக்கும். அது ஈரத் தரையில், சக்கரத்தைப் பூட்டி, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் இழுத்துப் பார்த்த முடிவு. ஐரோப்பிய லேபிளிலும் உருள்தடை, ஈரப்பிடிப்பு, வெளிச்சத்தம் ஆகியவைதான் முக்கியம். காய்ந்த தரையில் வளைவில் எவ்வளவு பிடிக்கும் என்பது, அதாவது நம் வாசகருக்கு வேண்டிய ஒரே விஷயம், எந்த லேபிளிலும் இல்லை.

அது ஏன் ஓர் எண்ணுக்குள் அடங்குவதில்லை என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

வளைவில் கார் 'பிடித்துக்கொண்டு' போகும்போதுகூடத் தரையைத் தொடும் ரப்பர் முழுக்க ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. தொடும் பரப்பின் முன்பகுதி ஒட்டியிருக்கும், பின்பகுதி மெல்ல வழுக்கிக்கொண்டிருக்கும். அப்படி வழுக்கும் ரப்பர் சாலையின் ஒவ்வொரு கல்நுனி மேலும் ஏறி இறங்குகிறது. ஏறும்போது அமுங்கும், இறங்கும்போது பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். ஆனால் உடனே திரும்பாது. இந்தத் தாமதத்தால், ஏறும் பக்கத்தை அழுத்துகிற அளவுக்கு இறங்கும் பக்கத்தை ரப்பர் அழுத்துவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காரைச் சாலையில் பிடித்துவைக்கும் விசையின் ஒரு பெரும் பங்கு. மீதி, ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் தரையோடு ஒட்டி, இழுபட்டு, அறுந்து, மறுபடி ஒட்டுவதில் கிடைக்கிறது. இரண்டுக்குமே ரப்பர் கொஞ்சம் சோம்பேறியாக இருந்தாக வேண்டும். சோம்பலுக்கான விலை, வெப்பம்.

எவ்வளவு சோம்பல் என்பது, எத்தனை வேகமாக அதைத் தொந்தரவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. நொடிக்கு ஒரு மீட்டர் வழுக்கும் ரப்பரை, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் கற்கள் நொடிக்கு 1,000 முறை அமுக்குகின்றன. நூறில் ஒரு மில்லிமீட்டர் சொரசொரப்போ 1,00,000 முறை. ஆனால் டயர் சும்மா உருள்வதால் ஏற்படும் அமுக்கம், 100 கிலோமீட்டர் வேகத்தில்கூட நொடிக்குச் சுமார் 14 முறைதான். வெப்பநிலையும் இதே கணக்கில் நுழைகிறது. தோராயமாக 7, 8 டிகிரி குளிர்வது, அதிர்வெண் 10 மடங்கு கூடுவதற்குச் சமம். குளிரும் அவசரமும் ரப்பருக்கு ஒன்றே.

பரோட்டா மாஸ்டரிடம் இதற்கு விளக்கம் கேட்கவே வேண்டாம், கையைப் பார்த்தால் போதும். மெதுவாக இழுத்தால் நீளும் மாவு, வெடுக்கென்று இழுத்தால் முரண்டு பிடிக்கும். விடியற்காலைக் குளிரில் விறைத்திருக்கும் உருண்டையை நிதானமாகத் தட்டுவார். உச்சிவேளையில், அடுப்புப் பக்கம் இளகிக் கிடக்கும் உருண்டையை அதே பதத்துக்குக் கொண்டுவர அவர் கை வேகமாக விசிற வேண்டும். எண்ணெய் அதிகமானால் வழியும், ஊறல் குறைந்தால் சுருங்கும், அனல் மிஞ்சினால் விசிறும்போதே கிழியும். டயர்க் கலவையிலும் எண்ணெய், பிசின், ஊறவைக்கும் பக்குவம் எல்லாம் உண்டு. சால்னா ஒன்றுதான் இல்லை.

வரலாறு சொல்லாவிட்டால் கடிதம் வரும் என்பதால் ஒரு பத்தி. உராய்வு சுமைக்கு நேர்விகிதம், பரப்பைப் பொருட்படுத்தாது என்று 1699-இல் அமோந்தோன் சொன்னதை நாம் பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். ரப்பர் அதை மதிப்பதில்லை. சுமை கூடக் கூட அதன் உராய்வுக் கெழு குறைகிறது. அகல டயருக்கு மவுசு வந்தது இதனால்தான். அமுங்கி மீள்வதில் ஏற்படும் இழப்பை உராய்வோடு இணைத்துக் கிரீன்வுட்டும் டேபரும் 1958-இல் எழுதினார்கள். வேகத்தையும் வெப்பத்தையும் ஒரே வளைகோட்டில் மடக்கிக் காட்டியவர் கிராஷ், 1963-இல். போதும்.

இப்போது கடைக்குப் போவோம். அமெரிக்காவில் யோகோஹாமா ஏ052, ஹான்கூக் ஆர்எஸ்4 இரண்டிலும் 200 என்றே பொறித்திருக்கிறது. முன்னது ஆட்டோகிராஸ்காரர்களின் செல்லம், பின்னது மணிக்கணக்கில் ஓடும் மலிவு விலை எண்டூரன்ஸ் பந்தயங்களின் உழைப்பாளி. ஒரே எண், நேரெதிர் சுபாவம். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் ஆட்டோகிராஸ் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், சூடேற அவகாசம் கிடையாது. கிளம்பிய நொடியிலேயே பதமாக இருக்கும் கலவை வேண்டும். டிராக்கிலோ கால்மணி நேரம் தொடர்ந்து விரட்டுகிறோம். முதல் லேப்பில் அற்புதமாகப் பிடித்த இளகிய கலவை மூன்றாவது லேப்பில் பதம் தாண்டி, டிரெட் கட்டைகள் ஆடத் தொடங்கி, ஓரம் உரிய ஆரம்பிக்கும். ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் ஆட்டோகிராஸில், ஓட்டங்களுக்கு இடையே செடிக்கு மருந்தடிக்கும் பம்பால் டயருக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். பரோட்டாக் கல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் அதே பாவனை, அதே காரணம்.

ஆகவே வாசகருக்கு என் எதிர்க்கேள்வி: உங்கள் டயர் ஒரு மூச்சில் எத்தனை நிமிடம் உழைக்கப் போகிறது? இரண்டிலும் ஓட்டுவேன் என்றால் டிராக்குக்குத் தாங்குவதையே வாங்குங்கள். ஆட்டோகிராஸில் சில நொடி போகும், அவ்வளவுதான். மார்கழிக் காலையில் செட்டிப்பாளையத்தில் பொருந்துவது, சித்திரை மதியத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் தார் மேல் பொருந்தாமல் போகலாம். நண்பரின் லேப் நேரத்தை நம்பி வாங்குவதில் இந்த ஆபத்து இருக்கிறது. நான் மேலே சொன்ன பெயர்கள் நம் ஊரில் கிடைப்பதும் எளிதல்ல. புதிய டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனிலேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. சாதாரண கார் என்றால், இங்கே கிடைக்கும் நல்ல கோடை டயரே முதல் சில டிராக் டேக்களுக்குப் போதும் என்பேன். அந்தக் கட்டத்தில் கிரிப்பைவிட டிரைவருக்குத்தான் பற்றாக்குறை.

காசில்லாமல் கிடைக்கும் கிரிப் ஒன்று உண்டு: காற்றழுத்தம். உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். காலையில் பெட்ரோல் பங்கில் 33 வைத்துவிட்டு டிராக்கில் விரட்டினால், திரும்பி வரும்போது 38, 39 காட்டும். டயர் நடுவில் உப்பி, தொடும் பரப்பு சுருங்கிவிடும். பிட்டுக்கு வந்த சூட்டோடு அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். எதுவரை? டயரின் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். பக்கச் சுவர் வரை கோடு அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்று போதவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் முன் பழையபடி ஏற்ற மறக்க வேண்டாம்.

கடைசியாக, 'ரெண்டே ரேஸ் ஓடினது, பட்டன் அப்படியே இருக்கு' என்று பாதி விலைக்கு வரும் டயர். பட்டன் இருக்கும், பதம் இருக்காது. ஒவ்வொரு முறை கொதித்து ஆறும்போதும் கலவை கொஞ்சம் இறுகுகிறது. எத்தனை முறை கொதித்தது என்று டயரில் எழுதியிருக்காது. ஆனால் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பேரம் பேசுவதை அங்கிருந்து தொடங்குங்கள்.