பாப்கார்ன் சோளத்துக்கு வெயில் ஆகாது!

மூட்டையில் வண்டு விழுமோ என்று பயந்தால் வெயிலில் காயப்போடுவது நம் வியாபாரிகள் வழக்கம். உளுந்துக்கும் துவரைக்கும் அது சரி. பாப்கார்ன் சோளத்துக்குக் கேடு. ஒரு கோடையில் நாங்களும் ஒரு மூட்டையை இரண்டு நாள் காயவைத்து அனுப்பினோம். "பாதி பொரியவில்லை" என்று வாடிக்கையாளர்கள் கோபிக்க, சில்லறைக் கடைக்காரர் சரக்கை எங்களிடமே திருப்பிவிட்டார். பணத்தைக் கொடுத்தோம், பாடம்தான் மிச்சம்.

சோள மணிக்குள் உள்ள சுமார் 14 சதவீத ஈரம், சூடேறும்போது ஆவியாகி, ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸில் கெட்டித் தோலை உடைப்பதால்தான் பொரி பூக்கிறது. ஈரம் போனால் பொரியாது. ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். காய்ந்துபோயிருந்தால், அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, மூன்று நாள் வைத்துப் பாருங்கள்.

வாங்குவோரிடம் பக்குவத்தையும் சொல்லுங்கள்: அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் காயவைத்து, முதலில் மூன்று சோளம் மட்டும் போட வேண்டும். அவை பொரிந்ததும் மீதியை ஒரே அடுக்காகப் போட்டு மூடி, ஆவி போகச் சிறு இடைவெளி விட வேண்டும். உப்பு கடைசியில்.

சரக்கோடு பக்குவமும் சொல்லும் கடைக்கு வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.