தெருவையே தலையில் சுமந்தவர்

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை என்றால் நம்மவர்களுக்கு ‘ஃபால்ட்டி டவர்ஸ்’, ‘மிஸ்டர் பீன்’ நினைவுக்கு வரும். கொஞ்சம் மூத்தவர்கள் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்பார்கள். நான் சொல்ல வருவது அந்த வரிசையில் இடம் கிடைக்காமல் போன ஒன்று: ‘எவர் டிக்ரீசிங் சர்க்கிள்ஸ்’. பிபிசி ஒன்றில் 1984 ஜனவரியில் தொடங்கி, 1989 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் முடிந்தது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சின்னதுதான், அதில் வரும் ஆட்களைப் பற்றித்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

தெற்கு இங்கிலாந்தில் ஒரு புறநகர்க் குடியிருப்பு. மறுமுனை அடைபட்ட சிறிய தெரு. அங்கே மார்ட்டின் பிரைஸ் என்பவர் மனைவி ஆனுடன் வசிக்கிறார். மோல் வேலி வால்வ்ஸ் என்ற கம்பெனியில் வேலை. ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் ஊர்வேலை. கிரிக்கெட் அணியா, குடியிருப்போர் கூட்டமா, எதுவானாலும் பட்டியல் போட்டு, சுற்றறிக்கை அடித்து, ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வார். அவர் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று நம்புகிறார். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

ஒரு சின்னச் செய்கையைச் சொன்னால் ஆள் பிடிபட்டுவிடுவார். வீட்டின் முன்கூடத்தில் சுருள் வயர் வைத்த பழைய தொலைபேசி. மார்ட்டின் அதைக் கடந்து போகும்போதெல்லாம் ரிசீவரைத் தூக்கி, வயர் சரியான பக்கம் வரும்படி திருப்பி வைப்பார். வேறு யாராவது பேசிவிட்டு மாற்றி வைத்திருப்பார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், நடையும் நிற்காது, கை மட்டும் போகும். நாலு பக்க வசனம் செய்யவேண்டிய வேலையை அந்தக் கை செய்துவிடுகிறது. உலகம் எப்போதும் லேசாகக் கோணலாகவே கிடக்கிறது, அதை நேராக்கும் பொறுப்பு தன் ஒருவன் தலையில் என்று நினைக்கும் மனிதன் அவர்.

இந்த நிலையில் பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறார் பால் ரைமன். அழகன், முடிதிருத்தும் சலூன் நடத்துபவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், கிரிக்கெட்டில் கெட்டிக்காரர். தொட்டதெல்லாம் துலங்கும். மார்ட்டின் மாதக்கணக்கில் கடிதம் எழுதி மன்றாடும் காரியத்தை, தெரிந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிட்டு வந்து சிரிப்பார். சாதாரண எழுத்தாளர்கள் கையில் பால் வில்லனாகியிருப்பார். இதில் அவர் மார்ட்டினை உண்மையாகவே விரும்புகிறார், உதவ நினைக்கிறார். அந்த நல்ல மனம்தான் மார்ட்டினுக்குத் தாங்க முடியாத வேதனை. எதிரி கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். நல்லவனாக இருந்துவிட்டால் அந்த வயிற்றெரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அதே தெருவில் வசிக்கும் ஹோவர்டும் ஹில்டாவும் தம்பதி. ஒரே மாதிரி பின்னிய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவார்கள். வந்தாலே சிரிப்புதான். ஆனால் போகப் போக, அந்தத் தெருவிலேயே நிம்மதியான கல்யாணம் அவர்களுடையதுதான் என்று தெரியும்.

என்னைப் பொறுத்தவரை இது ஆனின் கதை. பெனலபி வில்டன் நடித்தார். புத்திசாலியான பெண். கணவன் படுத்தும் பாட்டில் களைத்தவள். பக்கத்து வீட்டுக்காரர் அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார், சிரிக்கவைக்கிறார். இருவருக்கும் இடையே ஈர்ப்பு இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும், பாலுக்கும் ஆனுக்கும் தெரியும். மார்ட்டினுக்கு மட்டும் தெரியாது. அது எல்லை தாண்டவில்லை. மார்ட்டின் எதையோ மும்முரமாக விளக்கிக்கொண்டிருக்கும்போது ஆனின் முகத்தைப் பாருங்கள்: சலிப்பு, இரக்கம், அடியில் விட்டுப்போகாத பாசம். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். அரைமணி நேர சிரிப்புத் தொடரில், ஸ்டூடியோவில் ஆட்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க, இப்படி நடிக்கப் பெரிய தைரியம் வேண்டும்.

எழுதியவர்கள் ஜான் எஸ்மண்ட், பாப் லார்பி என்ற இரட்டையர். 1975இல் ‘தி குட் லைஃப்’ எழுதிப் பெயர் வாங்கியவர்கள். வேலையை உதறிவிட்டுக் கொல்லையில் காய்கறி போட்டுப் பிழைக்கும் டாம் குட்டாக அதில் நடித்த ரிச்சர்ட் பிரையர்ஸ்தான் இங்கே மார்ட்டின். நாடே செல்லம் கொஞ்சிய நடிகரை, நாடே எரிச்சல்படக்கூடிய மனிதராக மாற்றினார்கள். 1987இல் அவர் கென்னத் பிரானாவின் நாடகக் குழுவில் ஷேக்ஸ்பியரின் மால்வோலியோவாக நடித்தார். ஒழுங்கு, விறைப்பு, ஊரார் சிரிப்பு, உள்ளே ஒரு காயம். மார்ட்டினின் உறவுக்காரர்தான் மால்வோலியோவும். பின்னர் லியர் மன்னராகவும் நடித்தார். இந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது.

பிறகு ஏன் மறந்தார்கள்? பிரிட்டிஷ் வழக்கப்படி இது அமெரிக்கத் தொடர்கள்போல நூற்றுக்கணக்கில் ஓடவில்லை. ஆறு ஆண்டுகளில் முப்பது அத்தியாயங்கள்கூடத் தேறாது. ஆனால் பன்னிரண்டே அத்தியாயங்கள் ஓடிய ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மறக்கப்படவில்லையே. அதில் வெட்டியெடுத்துக் காட்டத் தோதான துண்டுகள் இருந்தன. இதில் அப்படி ஒன்றைத் தனியே பிய்த்தெடுக்க முடியாது. ரிசீவரைத் திருப்பும் கையை மட்டும் காட்டினால் யாருக்குச் சிரிப்பு வரும்? முதலில் அந்த மனிதரோடு நாம் சில வாரம் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். இதன் பாதிப்பு தன்னிடம் உண்டு என்று ‘தி ஆபீஸ்’ படைத்த ரிக்கி ஜெர்வைஸ் சொல்லியிருக்கிறார். பார்ப்பவரை நெளியவைத்தே சிரிக்கவைக்கும் வித்தை இதிலேயே இருக்கிறது.

கடைசி அத்தியாயம் நீளமானது. மார்ட்டின் வேலை பார்க்கும் கம்பெனி வேல்ஸ் எல்லையருகே உள்ள ஆஸ்வெஸ்ட்ரிக்கு இடம் மாறுகிறது. எந்த மாற்றத்தையும் பொறுக்காத மனிதர் தன் தெருவையே விட்டுப் போகவேண்டும். ஆன் கருவுற்றிருக்கிறாள். யாரையும் திருத்தாமல், யாரையும் தண்டிக்காமல் கதையை முடிக்கிறார்கள்.

டிவிடியாக வந்திருக்கிறது. கிடைத்தால் கடைசி அத்தியாயத்துக்குத் தாவாமல் முதலிலிருந்து வரிசையாகப் பாருங்கள். தொடக்கத்தில் மார்ட்டின் மேல் எரிச்சல்தான் வரும், வரட்டும். அவர் பேசும்போது அவரை விட்டுவிட்டு ஆனைக் கவனியுங்கள்.